காவிரி நாட்டுக் கோட்டைகள் - 6: ஆற்றைப் பார்க்க ஒரு மலை

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. தீவின் கீழ்க்கோடியில் இரண்டும் மறுபடி நெருங்கி வரும் இடத்தில் கல்லணை இருக்கிறது. அதற்குக் கிழக்கே கடல்வரை வண்டலும் வாய்க்கால்களும் வயல்களும்தான். முக்கொம்புக்கும் கல்லணைக்கும் இடையே, காவிரியின் தென்கரையில் 83 மீட்டர் உயரத்தில் திருச்சிராப்பள்ளி மலை நிற்கிறது. நெல் நாட்டுக்குப் போகும் தண்ணீர் முழுவதும் இந்த மலையின் கண்பார்வையில்தான் போகிறது. சமணத் துறவி முதல் கிழக்கிந்தியக் கும்பினித் தளபதி வரை இந்தப் பாறையை எல்லாரும் விரும்பியதற்கு இந்த இருப்பிடமே காரணம்.

டெல்டாவுக்குள் மலை கிடையாது. அதனால் அங்கே மலை வேண்டுமென்றால் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. சுவாமிமலை மலையே அல்ல, கட்டுமலை. அதன் 60 படிகளுக்கும் தமிழ் வருடங்கள் அறுபதின் பெயர்கள். கோச்செங்கட்சோழன் சிவனுக்கு எழுபது மாடக்கோயில்கள் எடுத்ததாகத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். நல்லூரிலும் நன்னிலத்திலும் அவன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மாடக்கோயில்களில் இன்றும் படியேறித்தான் சுவாமியைப் பார்க்க வேண்டும். வெள்ளம் புகும் நாட்டில் கருவறையை மேட்டில் வைப்பது புத்திசாலித்தனமும்கூட. இயற்கையான குன்றின்மேல் கோயில் பார்க்க விரும்பும் தஞ்சைக்காரர் மேற்கே திருவெறும்பூருக்கோ திருச்சிக்கோதான் வர வேண்டும்.

மலையில் முதலில் குடியேறியவர்கள் சமண முனிவர்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே, பாறையின் பின்புறம் சரிவான ஓர் இடுக்கில், அவர்களுக்காக வெட்டிய கற்படுக்கைகள் இருக்கின்றன. சிலவற்றில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 'சிரா' என்ற பெயரும் உண்டு. ஊர்ப்பெயர் இதிலிருந்து வந்ததென ஆய்வாளர்கள் சிலர் கருத, திரிசிரன் என்ற அரக்கன் பூசித்த தலம் என்று தலபுராணம் கூறுகிறது.

பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே குடைவித்த கோயில்தான் மலையின் வரலாற்றில் முதல் பெரிய திருப்பம். உச்சிக்குப் போகும் படிவழியில், இடதுபுறம் ஒதுங்கியிருக்கும் இதற்கு லளிதாங்குர பல்லவேசுவர கிருகம் என்று பெயர். லளிதாங்குரன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர்களில் ஒன்று. கருவறை இப்போது வெறுமையாக இருக்கிறது. அதற்கு எதிர்ச்சுவரில் கங்காதரர் சிற்பம். வானிலிருந்து கைகூப்பி இறங்கும் கங்கையைச் சிவன் தன் சடைக்கற்றை ஒன்றை நீட்டி ஏற்கிறார். சுற்றிலும் அடியாரும் விண்ணோரும் வணங்கி நிற்கிறார்கள். பல்லவர் சிற்பங்களில் மாமல்லபுரத்தை மட்டுமே பார்த்தவர்கள், அதற்கும் முந்தைய இந்த ஒரே பலகைக்காகவே மலையேறலாம்.

சிற்பத்தின் இருபுறமும் உள்ள தூண்களில் வடமொழிச் சுலோகங்கள் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. கல்வெட்டு அறிஞர் ஹூல்ட்ஸ் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் இவற்றைப் பதிப்பித்தார். இவற்றில் கவித்துவம் எவ்வளவு உண்டோ அவ்வளவு அரசியலும் உண்டு. ஒரு சுலோகத்தின்படி, பூமியில் ஒரு கோயிலுக்குள் இருந்துகொண்டு சோழர்களின் வளத்தையும் காவிரியையும் எப்படிப் பார்ப்பது என்று சிவன் குணபரனிடம் ஆதரவோடு கேட்கிறார். குணபரன் என்பதும் மகேந்திரனே. அவன் மேகம் தொடும் இந்த மலைமீது அவருக்கு இடம் அமைத்துக்கொடுக்கிறான். இன்னொரு சுலோகத்தில் மலைமகளுக்குக் கவலை. ஆறுகளில் ஆசையுள்ள தன் கணவர் அழகான காவிரியைக் கண்டு மயங்கிவிடுவாரோ என்று அஞ்சி, பிறந்தகத்தை விட்டு இந்த மலைக்கே வந்து தங்கி, இந்த ஆறு பல்லவனுக்கு உரியவள் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

காஞ்சிபுரத்து அரசன் ஒருவன் சோழநாட்டின் தலைவாசலில் நின்று, ஆறு தன்னுடையது என்று தேவியின் வாயால் சொல்லவைக்கிறான். இந்தத் தொடரில் இதுவரை பார்த்த எந்தக் கோட்டையிலும், அதன் நோக்கம் இவ்வளவு வெளிப்படையாகக் கல்லில் எழுதப்பட்டதில்லை. மதில் எழுப்பப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மலையின் வேலை என்னவென்று முடிவாகிவிட்டது.

மலையடிவாரத்தின் தென்புறம் கீழ்க்குடைவரை இருக்கிறது. இது 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி என்பது பொதுவான கருத்து. இங்கே சிவனுக்கும் திருமாலுக்கும் எதிரெதிரே கருவறைகள். பின்சுவரில் கணபதி, முருகன், பிரம்மா, சூரியன், துர்க்கை ஆகியோர் வரிசையாக நிற்கிறார்கள். வீடுகள் நெருங்கிய தெருக்களுக்கு நடுவே இருப்பதால், மலைக்கோயிலுக்கு வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் இப்படியொன்று இருப்பதையே அறியாமல் திரும்புகிறார்கள்.

பிறகு மலை சோழர் கைக்கு வந்தது. சோழர் காலத்தில் ஆறும் மலையும் ஒரே அரசின்கீழ் இருந்ததால் இங்கே சண்டைக்கு வேலையில்லை. அக்காலத்தின் சிறப்பான நினைவுச்சின்னம் கட்டடம் அல்ல, இலக்கியம். வேம்பையர்கோன் நாராயணன் என்ற புலவர் இயற்றிய சிராமலை அந்தாதி நூறு பாடல்களுக்கு மேல் நீள்கிறது. மகேந்திரனின் குடைவரையிலேயே அது முழுவதுமாகப் பொறிக்கப்பட்டுள்ளது. ஒரு நூலையே ஏடாக அல்லாமல் பாறையாக வைத்துக் காத்த இடங்கள் தமிழ்நாட்டில் மிகச் சிலவே.

மலையின் நடுப்பகுதியில் தாயுமானவர் கோயில். திருஞானசம்பந்தர் பாடிய தலம் இது. பூம்புகாரிலிருந்து வந்து இங்கே வாழ்ந்த செட்டிப்பெண் இரத்தினாவதிக்குப் பேறுகாலம் நெருங்கியபோது, அவளுடைய தாய் ஆற்றில் வெள்ளம் வந்ததால் அக்கரையிலேயே தங்கிவிட்டாள். சிவனே தாயாக வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்தபோது வீட்டில் இரண்டு தாய்கள். இன்றும் சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் காணிக்கை தருவது இங்கே வழக்கம். புராணக்கதைதான் என்றாலும், அதிலும் காவிரி வெள்ளமே கதையை நடத்துகிறது. தாயுமானவர் என்ற பெயரைத் தாங்கிய கவிஞர் வேதாரண்யத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். திருச்சி நாயக்க அரசில் பணியாற்றிவிட்டுத் துறவு பூண்டவர்.

உச்சியில் பிள்ளையார். விபீடணன் கொண்டுபோன அரங்கவிமானத்தைக் காவிரிக்கரையில் கீழே வைத்துவிட்டு மலைமேல் ஓடிய சிறுவன் அவர்தான் என்றும், துரத்திவந்த விபீடணன் குட்டிய தழும்பு நெற்றியில் உள்ளது என்றும் சொல்வார்கள். இக்கதை தெற்கேயுள்ள மலையையும் வடக்கேயுள்ள அரங்கத்தையும் ஆற்றுக்கு மேலாகச் சேர்த்துக் கட்டிவிடுகிறது. விநாயகர் சதுர்த்தியன்று உச்சிப்பிள்ளையாருக்கும் அடிவாரத்து மாணிக்க விநாயகருக்கும் பெரிய கொழுக்கட்டைகள் படைக்கப்படும். மேலே போவதைத் துணியில் தூளிபோலக் கட்டிச் சுமந்து செல்கிறார்கள். அதே விழா 1849இல் பெருந்துயராக முடிந்தது. குறுகலான படிவழியில் திகில் பரவி நெரிசல் ஏற்பட, சுமார் 250 பேர் உயிரிழந்தார்கள்.

கோட்டை நாயக்கர் காலத்தது. மதுரை நாயக்கர் மரபைத் தொடங்கிய விசுவநாத நாயக்கர், தஞ்சை நாயக்கரிடமிருந்து திருச்சியைப் பெற்றுக்கொண்டு பதிலுக்கு வல்லத்தைக் கொடுத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. மதுரைக்கு இது இலாபம். தஞ்சை தன் வாசற்கதவை விட்டுக்கொடுத்து, வாசற்படிக்கு உள்ளே ஓர் அறையை வாங்கிக்கொண்டது. மதில், அகழி, தெப்பக்குளம் ஆகியவை அக்காலத்திலிருந்து வளர்ந்தவை. 17ஆம் நூற்றாண்டில் தலைநகரம் மதுரைக்கும் திருச்சிக்குமாக மாறிமாறிப் போய்வந்து, சொக்கநாத நாயக்கர் காலத்தில் திருச்சியிலேயே தங்கிவிட்டது. திருச்சியில் மாளிகை கட்டுவதற்காக அவர் மதுரையில் திருமலை நாயக்கர் மகாலின் பகுதிகளைப் பிரித்தார் என்பது மதுரைக்காரர்கள் இன்றும் மறக்காத குறை.

1673இல் சொக்கநாதரின் படை தஞ்சைமீது பாய்ந்தது. முதலில் வல்லம் விழுந்தது, பிறகு தஞ்சையும் விழுந்தது. முதியவரான விசயராகவ நாயக்கர் போரில் மாண்டார். சில ஆண்டுகளில் மராட்டியரான வெங்கோஜி தஞ்சையைக் கைப்பற்றி, நாயக்கர் பூசலுக்கே முற்றுப்புள்ளி வைத்தார். ஆனால் 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் தண்ணீர் இரு பகைவர்களையும் சேர்த்துவைத்தது. மைசூர் அரசர் சிக்கதேவராயர் காவிரிக்குக் குறுக்கே அணை எழுப்ப, கீழே ஆறு வற்றியது. திருச்சியிலிருந்து ஆண்ட ராணி மங்கம்மாளும் தஞ்சையின் சாகஜி மன்னரும் கூட்டாகப் படை திரட்டினார்கள். படை மோதும் முன் வெள்ளமே அணையை உடைத்துவிட்டது. காவிரிப் பூசலுக்கு இருநூறு ஆண்டு வரலாறு மட்டுமே உண்டு என்று நினைப்பவர்கள் இந்த நிகழ்ச்சியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நாயக்கர் ஆட்சி 1736இல் முடிந்தது. ராணி மீனாட்சியிடம் சத்தியம் செய்துகொடுத்து உள்ளே நுழைந்த ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தாசாகிபு கோட்டையை எடுத்துக்கொண்டார். 1741 மார்ச்சில் மராட்டியர் முற்றுகையிட்டு அவரைச் சிறைபிடித்துச் சாத்தாராவுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாண்டுகளுக்குப் பின் ஐதராபாத் நிசாம் வந்து மராட்டியரை அனுப்பினார். 1749இல் ஆம்பூர்ப் போரில், ஆற்காட்டு நவாபான தந்தை அன்வருதீன் கொல்லப்பட்டபின் முகமது அலி ஓடிவந்து புகுந்ததும் இந்தக் கோட்டைக்குள்தான்.

அப்போதைய கோட்டையைக் கும்பினியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் அளந்து எழுதியிருக்கிறார். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 2000 கஜமும் கிழக்கு மேற்காக 1200 கஜமும் கொண்ட நீள்சதுரம். இரட்டை மதில். வெளிமதில் 18 அடி, உள்மதில் 30 அடி, இரண்டுக்கும் நடுவே 25 அடி இடைவெளி. வெளியே 30 அடி அகலமும் 12 அடி ஆழமும் உள்ள அகழி. எந்தக் காலத்திலும் அது முழுக்க வற்றியதில்லை என்கிறார். மதிலை இவ்வளவு நுட்பமாக அளந்தவர் மலையின் உயரத்தை 150 அடி என்று எழுதிவிட்டார். உண்மை உயரம் அதைவிட நூறடிக்கு மேல் அதிகம்.

1751 முதல் 1754 வரை நடந்தவை தென்னிந்தியாவில் ஆங்கிலேயரா பிரெஞ்சுக்காரரா என்பதை முடிவுசெய்த சண்டைகள். சிறையிலிருந்து மீண்ட சந்தாசாகிபும் பிரெஞ்சுப் படையும் கோட்டையை முற்றுகையிட்டனர். முகமது அலிக்கு ஆங்கிலேயர், மைசூரின் நஞ்சராசர், மராட்டியத் தலைவர் முராரிராவ், தஞ்சைத் தளபதி மானோஜி என்று கூட்டணி சேர்ந்தது. முற்றுகையைத் தளர்த்தவே கிளைவ் ஆற்காட்டுக்குப் போனார். மலையுச்சியிலிருந்து தூரதிருஷ்டிக் கண்ணாடியோடு எதிரியின் நடமாட்டத்தைக் கவனிப்பது கோட்டைக்குள் இருந்தவர்களின் அன்றாட வேலை. சிவன் பார்க்க விரும்பிய காவிரியைக் கும்பினிச் சிப்பாய்கள் இப்போது இரவுபகலாகப் பார்த்தார்கள்.

சுற்றிலும் இருந்த சிறு குன்றுகளும் போர்க்களமாயின. 1753 ஜூனில் பொன்மலையில் நடந்த சண்டையில் ஆங்கிலத் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் வென்றார். தஞ்சைச் சாலையில் திருவெறும்பூர்க் குன்றின்மேல் உள்ள எறும்பீசுவரர் கோயிலையும் இரு தரப்பும் அரணாகப் பயன்படுத்தின. சிற்றெறும்பாக வந்து தேவர்கள் வழிபட்ட இடம், அவர்கள் ஏறிவர இலிங்கம் மண்புற்றாகிச் சாய்ந்துகொடுத்தது என்று சொல்லும் அந்தச் சோழர் காலக் கோயிலை, ஓர்மின் நூலில் எலிமிசேரம் என்ற உருத்தெரியாத பெயரில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். 1752 ஏப்ரலில் பிரெஞ்சுக் காவலை விரட்டிவிட்டு ஆங்கிலப் படையின் டால்டன் அதைப் பிடித்தார்.

பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் தீவுக்குள் சிக்கி 1752 ஜூனில் சரணடைந்தது. மானோஜியை நம்பி அடைக்கலம் புகுந்த சந்தாசாகிபின் தலை வெட்டப்பட்டது. உதவிக்கு விலையாகத் திருச்சியையே தருவதாக முகமது அலி நஞ்சராசருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வென்றதும் வாக்கை மறந்தார். மைசூர் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்து, சண்டை இன்னும் இரண்டாண்டு நீண்டது. 1753 நவம்பர் இறுதியில் ஓர் இரவு பிரெஞ்சுக்காரர் ஏணி வைத்து வெளிமதிலில் ஏறியும்விட்டார்கள். ஆனால் தாங்கள் கைப்பற்றிய பீரங்கிகளையே சுட்டு ஊரை எழுப்பி, கைக்குக் கிடைத்த வெற்றியைத் தொலைத்தார்கள்.

தஞ்சைக்கு உண்மையில் வலித்த அடி 1754இல் விழுந்தது. பிரெஞ்சுப் படை கல்லணைக்கு அருகே கோவிலடியில் காவிரியின் கரையை வெட்டிவிட்டது. இங்கே காவிரி உயரத்திலும் கொள்ளிடம் பள்ளத்திலும் ஓடுகின்றன. இடையிலுள்ள கரை போனால் தண்ணீர் முழுவதும் கொள்ளிடத்தில் விழுந்து, பயனின்றிக் கடலுக்குப் போகும். தஞ்சை நாடு தரிசாகும். பக்கம் மாறிக்கொண்டிருந்த தஞ்சையின் பிரதாபசிங் மன்னரைப் பணியவைக்க நினைத்தது நேர்மாறாக முடிந்தது. அவர் ஆங்கிலேயரோடு உறுதியாகச் சேர்ந்துகொண்டார். ஆண்டு முடிவில் இரு கும்பினிகளும் சமாதானம் செய்துகொண்டன.

கரை யாருடையது என்ற கேள்வி அத்தோடு தீரவில்லை. 1760களில் கல்லணைக் கரையைச் செப்பனிடும் உரிமை குறித்து நவாபு முகமது அலியும் தஞ்சையும் மோத, சென்னையிலிருந்து கும்பினி அதிகாரி வந்து மத்தியஸ்தம் செய்தார். திருச்சியை வைத்திருப்பவன் தஞ்சையின் குழாயைப் பிடித்திருக்கிறான் என்பதை நவாபு நன்றாக அறிந்திருந்தார்.

கோட்டை அழிந்தது எந்த எதிரியாலும் அல்ல, தேவை இல்லாமல் போனதால். 1801க்குள் ஆற்காடும் தஞ்சையும் கும்பினி ஆட்சியின்கீழ் வந்தன. ஆற்றின் இரு முனைகளையும் ஒரே அரசு ஆண்டபோது அவற்றுக்கு நடுவே மதில் எதற்கு? 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார். அதன்பின் தஞ்சைக்குப் போகும் தண்ணீரை நிர்ணயித்தது மலையின் பீரங்கி அல்ல, மேலணையின் மதகு. படைகளும் தெற்கே கண்டோன்மென்ட் பக்கம் நகர்ந்துவிட்டன. 1866இல் நகராட்சி அமைந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மதில்கள் இடிக்கப்பட்டன, அகழி தூர்க்கப்பட்டது. கோட்டை நகரத்தின் நெரிசலுக்குக் காற்று வேண்டும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அது நியாயமான காரணம்தான். ஆயினும் ஒரு பக்கத்து மதிலையாவது விட்டுவைத்திருக்கலாம்.

இன்று கோட்டையை ஓரளவு நடந்தே கண்டுகொள்ளலாம். மேலப்புலிவார்டு ரோடும் கீழப்புலிவார்டு ரோடும் மதிலும் அகழியும் இருந்த கோட்டில் ஓடுகின்றன. மேற்கில் எஞ்சியிருக்கும் ஒரே பெரிய வாசல் மெயின்கார்டு கேட். அதன் வளைவுக்குள் காய்கறி வண்டியும் ஆட்டோவும் நுழைகின்றன. அதையடுத்துத் தெப்பக்குளம், குளக்கரையில் கிளைவ் தங்கியதாகச் சொல்லப்படும் வீடு. சற்றுத் தள்ளி ராணி மங்கம்மாள் பெயரால் வழங்கும் தர்பார் மண்டபம் அரசு அருங்காட்சியகமாக இருக்கிறது. கோட்டைக்குள் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து அனாதையான பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கிய பாதிரியார் ஸ்வார்ட்ஸ் 1766இல் கட்டி முடித்த கிறிஸ்து ஆலயமும் அருகில்தான். ஸ்வார்ட்ஸ் பின்னர் தஞ்சைக்குப் போய் இரண்டாம் சரபோஜியின் காப்பாளரானார்.

மலைவாசலிலிருந்து உச்சிவரை நானூறுக்கும் மேற்பட்ட படிகள். பெரும்பகுதி பாறைக்குள் குடைந்த, நிழலான வழி. தாயுமானவர் சந்நிதி நண்பகலில் நடைசாத்தப்படும். காலையில் ஏறினால் கோயிலும் குடைவரையும் ஒருசேரக் கிடைக்கும். மேல் குடைவரையின் கம்பிக்கதவு பூட்டியிருந்தால் தொல்லியல் துறைப் பணியாளரைக் கேட்கலாம். உச்சியில் வடக்கே ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களும் திருவானைக்காவும், கிழக்கே வயல்களும் தெரியும். கீழே இறங்கியபின் தென்புறத்துத் தெருக்களுக்குள் புகுந்து பாண்டியர் குடைவரையைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம். திருவெறும்பூருக்குத் தஞ்சைச் சாலையில் போகலாம். அதே சாலையில் தஞ்சைக்குச் சற்று முன்னால் வல்லம் வரும். திருச்சிக்கு ஈடாகத் தஞ்சை பெற்ற அந்தக் கோட்டையின் கதை அடுத்த பகுதியில்.

(தொடரும்)